ஜூனில் கொடுத்த தண்ணீர்

டெல்பர்ட் ஹெர்கன்ரேடர் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது மனைவி மார்லீஸின் முகத்தை அல்ல, தன் ஏரியின் முகத்தை. காபிக் கோப்பையும் உள்சட்டையும் ரப்பர் செருப்புமாக, படகு கட்டும் மரத்துறையின் நுனிவரை நடந்து போவார். குனிந்து பார்ப்பார். தண்ணீர் பலகையின் அடியை நக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஒரு விரல் இறங்கியிருந்தால் போச்சு, வீட்டு நாய்கூட அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

ஆகஸ்ட் மாதத்தின் அந்தக் காலையில் தண்ணீர் பலகையை நக்கிக்கொண்டுதான் இருந்தது. கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து இறங்கி, ஏரியே தங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது போல மிதந்துகொண்டிருந்தன. மேற்கே மலைகளில் கைக்குட்டை அளவு பனிகூட மிச்சமில்லை. காற்று வழக்கம்போல மாட்டுப்பட்டிகளின் வாசனையை வீடு வீடாக விநியோகம் செய்துகொண்டிருந்தது.

"மார்லீஸ்! வந்து பாரு, சுவிட்சர்லாந்து!" என்று கத்தினார் டெல்பர்ட்.

"சுவிட்சர்லாந்துல குப்பையை யாரு வெளிய வைப்பாங்களாம்? இன்னிக்குக் குப்பை வண்டி வர்ற நாளு," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

இந்த ஏரி ஆண்டவன் வெட்டியதல்ல, டெல்பர்ட் வெட்டியது. அவர் தாத்தா சர்க்கரைக்கிழங்கு போட்ட நிலம். மேல் மண்ணை ஓர் ஆள் உயரம் வழித்துப் போட்டால் அடியில் அத்தனையும் சரளைக்கல். பக்கத்தில் ஓடும் பிளாட் ஆறு எந்தக் காலத்திலோ மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனது. டெல்பர்ட் கிழங்கை விட்டுவிட்டுக் கல்லைத் தோண்டினார். டென்வர் நகரத்துக் கான்கிரீட்டெல்லாம் இந்தக் கல்தான், அங்கே பாதிப் பேர் தன் நிலத்தின்மேல்தான் காரை நிறுத்துகிறார்கள் என்பார். பாதி என்பது அதிகம்தான், ஆனால் அவர் சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியாது. தோண்டத் தோண்ட குழிக்குள் தண்ணீர் தானாக ஊறியது. கல் தீர்ந்த மூலையில் கரையைச் சாய்த்து, மரத்துறை போட்டு, மீன் விட்டு, அதற்கு "ஹெர்கன்ரேடர் ஏரி" என்று பலகையும் வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் நிலத்தில் எண்ணெய் கிடைத்தால் விருந்து வைக்கலாம். தண்ணீர் கிடைத்தால் வக்கீலைத் தேட வேண்டும். ஏனென்றால் சரளைக்கல்லுக்குள் இருக்கும் தண்ணீர் தனித் தண்ணீர் அல்ல. அதுவும் ஆறுதான், கொஞ்சம் மெதுவாக, தரைக்கடியில் நடக்கிற ஆறு. மேலே மண் மூடியிருக்கிறவரை வெயில் அதைத் தொட முடியாது. குழியைத் தோண்டியவன் அதன் கூரையைப் பிரித்துவிடுகிறான். அப்புறம் வெயிலும் காற்றும் ஆளுக்கொரு பக்கம் வாய் வைத்து உறிஞ்சுகின்றன. அந்த அளவு கீழே இருப்பவர்களுக்குக் குறைகிறது. ஆகவே, உறிஞ்சப்பட்ட தண்ணீரை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து குழிக்காரன் ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

அதற்காகவே டெல்பர்ட் மேல் வாய்க்காலில் ஒரு பங்கு வாங்கி வைத்திருந்தார். அந்தத் தண்ணீர் ஏரிக்கரைக்கு வந்ததும் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் இரும்புச் சக்கரம். ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் ஆற்றின் கிளை ஓடைக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் ஏரிக்குள் விழும். அன்றைக்குச் சக்கரம் ஏரிப் பக்கம் திரும்பியிருந்தது.

டெல்பர்ட் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எலோய்சா ஆர்ச்சுலேட்டாவின் பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சாதாரணப் புழுதி அல்ல. அடுத்த மாநிலத்தில் யாராவது துணி காயப்போட்டிருந்தால் மறுபடியும் துவைத்திருப்பார்கள்.

எலோய்சாவின் வயல் ஏரிக்குக் கீழே, அந்தக் கிளை ஓடையின் கரையில் இருந்தது. வெங்காயமும் மிளகாயும் போடுவார். இந்தப் பக்கத்தில் ரயில் வருவதற்கு முன்பே அவர் குடும்பம் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிவிட்டது. தண்ணீரில் பழைய உரிமை அவர்களுக்குத்தான். டெல்பர்ட்டும் எலோய்சாவும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், அதனால் மரியாதை எல்லாம் அவர்களுக்குள் கிடையாது.

"டெல்பர்ட், என் மதகுல தவளை செத்துக் கெடக்கு."

"அடப்பாவமே! மாரடைப்பா?"

"தாகம்."

டெல்பர்ட் குப்பைத் தொட்டியை நேராக நிறுத்துவதில் மும்முரமானார். "ஆகஸ்ட்ல எல்லாருக்கும்தான் கஷ்டம், எலோய்சா. மலையில பனி இல்ல. நான் என்ன மேல ஏறிப் போய் ஐஸ்பெட்டியக் கவுத்துட்டு வரவா?"

"மலைய விடு. நீ ஓடைக்குத் தரவேண்டிய தண்ணி எங்க?"

"குடுத்தாச்சே!"

"எப்ப?"

"ஜூன்ல. மொத்த வருஷத்துக்கும் சேத்து ஒரே மூச்சுல விட்டுட்டேன். ஒரு சொட்டு பாக்கி இல்ல."

எலோய்சா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் ஊரில் பெரிய பெரிய ஆட்கள் இரண்டடி பின்னால் நகர்வார்கள்.

"ஜூன்ல ஆறு பாலத்துக்கு மேல ஓடிச்சுடா. யாரோ வளத்த கோழிக்கூண்டு என் வயல் வழியா மிதந்து போச்சு, கோழியெல்லாம் கூரைமேல நின்னு எனக்கு டாட்டா காட்டிச்சு. என் வெங்காயம் கழுத்தளவு தண்ணியில நீச்சல் பழகிட்டு இருந்துச்சு. அப்ப எனக்கு எதுக்கு உன் தண்ணி?"

"தண்ணி தண்ணிதானே? ஜூன்ல விட்டா என்ன, ஆகஸ்ட்ல விட்டா என்ன? மொத்தம் சரியா வருதா, இல்லையா?"

"வராது."

"இன்னொண்ணும் சொல்றேன் கேளு. குழி தோண்டறதுக்கு முன்னாடி இங்க எத்தன காட்டன்வுட் மரம் நின்னுச்சு! ஒவ்வொண்ணும் வேர விட்டு ராத்திரி பகலா ஆத்தக் குடிச்சிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன். மரம் குடிச்சதக் கழிச்சுப் பாத்தா, ஆறுதான் எனக்குத் தண்ணி தரணும்!"

"அப்ப ஒண்ணு பண்ணு. ஊர்ல இருக்கற குடிகாரனையெல்லாம் தொரத்திவிட்டுட்டு, அவனுங்க குடிக்காத பீரை எனக்கு ஊத்துன்னு பார்ல போய்க் கேளு. குடுக்கறானான்னு பாப்போம்."

டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார். "எலோய்சா, சத்தியமாச் சொல்லு. நான் அந்த ஏரியில இருந்து ஒரு வாளித் தண்ணி மொண்டு பாத்திருக்கியா? குடிக்கறது சூரியன். போய் அவனக் கேளு."

"கேப்பேன். கூரையப் பிரிச்சுவிட்டது யாருன்னு அவன் திருப்பிக் கேப்பான்." எலோய்சா சக்கரத்தின் பக்கம் விரலை நீட்டினார். "இப்ப வர்ற வாய்க்கால் தண்ணி ஏரிக்குள்ளதானே விழுது?"

"மாசக் கடைசில மீன்பிடித் திருவிழா. சர்ச்சுக்காரங்க எல்லாரும் வர்றாங்க. துறையத் தண்ணி தொடலன்னா அசிங்கமா இருக்கும்ல?"

எலோய்சா தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டு, வண்டிக் கதவைத் திறந்தபடியே தணிந்த குரலில் சொன்னார். "நகரத்துக்காரன் மறுபடியும் வந்துட்டுப் போனான். என் வாய்க்கால் உரிமைய வித்துடுங்கறான். இந்த வெங்காயம் தேறலன்னா நான் வித்துத்தான் ஆகணும். வித்தேன்னா தண்ணி குழாய்ல ஏறி எவன் வீட்டுப் புல்தரைக்கோ போயிடும். அதுக்கப்புறம் என் வயல்ல காஞ்ச முள்ளுச்செடிதான் காத்துல உருண்டை உருண்டையா உருளும். உன் துறை அழகா இருக்கட்டும், டெல்பர்ட்."

வண்டி போய்விட்டது. புழுதி அடங்க வெகுநேரமானது.

எலோய்சா நேராக ஆர்லோவிடம்தான் போனார். ஆர்லோ, ஆற்றில் யார் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க மாநில அரசு வைத்திருக்கும் ஆள். நெட்டையான மனிதர். மூக்கு மட்டும் வருடம் முழுவதும் தோலுரிந்துகொண்டே இருக்கும். அவர் பார்க்க வேண்டிய ஆற்றின் நீளத்துக்கு, ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி போய்ச் சேர்வதற்குள் அவருக்குத் தாடி வளர்ந்துவிடும் என்பார்கள். ஆர்லோ எலோய்சாவோடு வந்து ஓடையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், டெல்பர்ட்டைப் பார்த்தார்.

"தப்பு டெல்பர்ட். வெயில் குடிக்கற மாசத்துல, குடிச்ச அளவுக்குத் திருப்பி விடணும். ஜூன்ல கொட்டிட்டுக் கையக் கழுவ முடியாது."

"எங்க வக்கீல் வருஷத்துக்குன்னுதான் சொன்னாரு."

"அப்ப நான் எழுதி அனுப்பறேன். உங்க வக்கீல் பதில் எழுதுவாரு. அதுக்கு எங்க ஆளுங்க பதில் எழுதுவாங்க. எப்படியும் அக்டோபர்ல ஒரு முடிவு வந்துடும்."

"அக்டோபர்லயா?" என்றார் எலோய்சா. "அக்டோபர்ல வெங்காயத்துக்கு இரங்கல் கூட்டம்தான் போடலாம். நீ வந்து நாலு வார்த்தை நல்லதாப் பேசிட்டுப் போ, ஆர்லோ."

ஆர்லோ மூக்கைத் தடவிக்கொண்டு வண்டியில் ஏறினார். அவரைக் குறை சொல்ல முடியாது. காகிதம் எப்போதும் நடந்து வருகிறது, வெயில் ஓடி வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெல்பர்ட் திருடன் இல்லை. கீழே கிடந்த ஒரு திருகாணியைக்கூடச் சொந்தக்காரனைத் தேடிக் கொடுக்கிற மனிதர். பனிப்புயலில் யார் வண்டி சிக்கினாலும் இழுத்துவிட முதலில் போய் நிற்பது கல் அள்ளும் அவருடைய லோடர் வண்டிதான். அப்படிப்பட்ட மனிதர் மனசாட்சி உறுத்தாமல் தினமும் காபி குடிக்க முடிந்தது எப்படி? அவர் கை எதையும் எடுக்கவில்லை. வாளி இல்லை, பம்பு இல்லை, குழாய் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போனதற்கு ஒருவன் வெட்கப்படுவது எளிதல்ல. தண்ணீர் ஒரு விரலுக்கு மேல் குறைந்தும் அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. குறைந்த அன்றே எலோய்சாவுக்குப் போக வேண்டிய தண்ணீரால் அது நிரம்பிவிடும். ஏரி எப்போதும் தளும்பிக்கொண்டே இருந்தது. அதனால் அது எதையும் குடிப்பதில்லை என்று அவர் மனதார நம்பினார்.

ஆகஸ்ட் நடுவில் எலோய்சா வீட்டில் மிளகாய் சுடும் நாள். கம்பிவலை உருளைக்குள் பச்சை மிளகாயைக் கொட்டி, கீழே காஸ் அடுப்பின் நெருப்பை விட்டு, உருளையைச் சுற்றுவார்கள். அந்த வாசனை வந்தால் வழியில் போகிற வண்டிகள் தானாகவே திரும்பும். சுட்ட மிளகாயைப் பன்றிக்கறியோடு போட்டு ஒரு குழம்பு வைப்பார் எலோய்சா. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்காக நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பவர்களும் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். வழக்கு வேறு, குழம்பு வேறு. டெல்பர்ட் மார்லீஸையும், குவாரியில் லோடர் ஓட்டும் எஃப்ரெனையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். மார்லீஸ் ஒரு கூடை நிறைய முட்டைக்கோஸ் அடைத்த பன் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்.

எலோய்சா பெரிய கிண்ணம் நிறையக் குழம்பை டெல்பர்ட்டின் முன்னால் வைத்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி. மார்லீஸுக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது.

டெல்பர்ட் இரண்டு கரண்டி வேகமாகச் சாப்பிட்டார். மூன்றாவது கரண்டி பாதி வழியில் நின்றது.

முதலில் காதுகள் சிவந்தன. பிறகு வழுக்கையில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. அந்த நேரத்தில் அவர் தலைமேல் ஒரு மிளகாயை வைத்திருந்தால் அடுப்பில்லாமலே சுட்டிருக்கும். கண்ணீர் மீசை வழியாகக் கிண்ணத்துக்குள் சொட்டியது.

"என்ன... எலோய்சா... இது?"

"மிளகாதான். அதே விதை, அதே வயல். தண்ணி கெடைக்காத மிளகா கோவக்கார மிளகாயாயிடும், தெரியாதா? தாகத்துல வளந்தது. அத்தன தாகத்தையும் காரமா சேத்து வெச்சிருக்கு."

"தண்ணி! தண்ணி குடு!"

டெல்பர்ட் மேசையைத் தேடினார். நீளமான மேசை. பன் இருந்தது, கிண்ணங்கள் இருந்தன, உப்பு இருந்தது. ஒரு டம்ளர் இல்லை, ஒரு ஜாடி இல்லை.

"உன் தண்ணியா?" என்றார் எலோய்சா, கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "அத ஜூன்லயே குடுத்துட்டேனே."

எலோய்சா துடைத்த கரண்டியை மேசைமேல் வைத்தார்.

"மழை கொட்டிட்டு இருந்துச்சு பாரு, அன்னிக்கு. உன்னை நெனச்சு ஜாடி ஜாடியா வாசல்ல ஊத்தினேன். மொத்த வருஷத்துக்கும் சேத்து. ஒரு சொட்டு பாக்கி இல்ல."

முதலில் சிரித்தது மார்லீஸ்தான். அவர் சிரிப்பு ஆற்றின் மறுகரையில் மேய்ந்த மாடுகளைத் தலைதூக்க வைக்கும் சிரிப்பு. அதன்பிறகு மேசையே குலுங்கியது.

"எஃப்ரென்! உன் பாட்டில்!" என்று கையை நீட்டினார் டெல்பர்ட்.

எஃப்ரென் இடுப்பிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். எலோய்சாவின் முகத்தைப் பார்த்தான். மெதுவாக மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க பாஸ். இது தோன்யா எலோய்சா வீடு," என்றான். தோன்யா என்பது ஸ்பானிய மொழியில் அம்மா என்பதுபோல ஒரு மரியாதை.

"மார்லீஸ்! நீயாவது!"

"தண்ணி தண்ணிதானே டெல்பர்ட்? ஜூன்ல குடிச்சா என்ன, ஆகஸ்ட்ல குடிச்சா என்ன?"

டெல்பர்ட் எழுந்து ஓடினார். தான் கடைசியாக ஓடியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. களத்தைத் தாண்டி, கோழிகளைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எலோய்சாவின் வாய்க்காலுக்குப் போய் முழங்காலிட்டுக் கையைக் குவித்து நீட்டினார்.

கையில் மண் வந்தது.

காய்ந்து, ஓடு ஓடாகப் பிளந்து, ஓரங்கள் சுருண்ட மண். மதகின் கீழே காய்ந்த சேற்றில் மீன் செதில்கள் வெள்ளையாக ஒட்டிக்கிடந்தன. சின்ன வயதில் இருவரும் இதே இடத்தில் தவளை பிடித்திருக்கிறார்கள். வாய் எரிந்தது. ஆனாலும் டெல்பர்ட் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது வெங்காய வயல் முழுவதும் கண்ணில் பட்டது. வண்டியில் போகும்போது பச்சையாகத்தான் தெரியும். இவ்வளவு கிட்டத்தில், தரையோடு தரையாக முகத்தை வைத்துப் பார்த்ததில்லை. தாள்கள் நுனி கருகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் இருந்த ஒன்றை விரலால் தோண்டி எடுத்தார். இந்நேரம் கைப்பிடி அளவு பருத்திருக்க வேண்டிய வெங்காயம், கோலிக்குண்டு அளவில் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். எலோய்சா ஜாடியோடு வந்து நின்றார். உள்ளே ஐஸ்கட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"குடி."

டெல்பர்ட் குடித்தார். சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு குடித்தார். குடித்து முடித்ததும் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, கோலிக்குண்டு வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"செத்துடுவேன்னு நெனச்சேன், எலோய்சா."

"செத்திருக்க மாட்ட. ஆனா குடுக்கவேண்டிய நேரத்துல குடுக்காம நான் சும்மா நின்னிருந்தா, என்னை என்ன சொல்லியிருப்ப?"

"பேய்னு சொல்லியிருப்பேன்."

"அத நானும் ஒரு மாசமா வாய்க்குள்ளயே வெச்சிருக்கேன்."

டெல்பர்ட் பதிலுக்குக் கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. அதுவே எலோய்சாவைப் பயமுறுத்திவிட்டது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

"தெரிஞ்சேதான் பண்ணினேன்னு நெனைக்கறியா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கு ரொம்பப் பாடுபட்டன்னு நெனைக்கறேன்."

அவர் மேசைக்குத் திரும்பவில்லை. தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல், குழம்புக் கறை படிந்த சட்டையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு தன் ஏரிக்கரைக்குப் போனார். சக்கரம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினார். ஜூன் மாதத்திலிருந்து திருப்பப்படாத சக்கரம் கிறீச்சிட்டு முரண்டு பிடித்தது. எஃப்ரென் பின்னாலேயே வந்து ஒரு கை கொடுத்தான். ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது. மறுபக்கம் கிளை ஓடையில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் நடக்கத் தொடங்கியது. பெரிய வெள்ளமெல்லாம் இல்லை, அடக்கமான தண்ணீர்தான். ஆனால் கீழே வாய்க்காலில் அது வந்து சேர்ந்தபோது எலோய்சாவின் வீட்டு விருந்தாளிகள் அத்தனை பேரும் கிண்ணத்தோடு எழுந்து போய்க் கரையில் நின்று பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அதற்கப்புறம்தான் டெல்பர்ட்டின் உண்மையான படிப்பு தொடங்கியது. காலையில் காபியோடு துறைக்குப் போனார். தண்ணீர் பலகையை நக்கவில்லை. மறுநாள் இன்னும் கீழே போயிருந்தது. கரையோரம் உப்புப் பூத்தது போல வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது. அது நாளுக்கு நாள் அகலமானது. ஒரு வாரத்தில் மரத்துறையின் முன்கால்கள் சேற்றில் நின்றன. அடுத்த வாரம் அங்கே நண்டு நடந்தது. கூழைக்கடாக்கள் கூடித் தீவிரமாக ஆலோசனை நடத்தின.

"இவ்வளவா குடிக்குது இந்த ஏரி?" என்று மார்லீஸிடம் கேட்டார்.

"எப்பவும் இவ்வளவுதான் குடிச்சிருக்கும். நீதான் பாத்ததில்ல," என்றார் மார்லீஸ். அன்றைக்கு அவர் குப்பையைப் பற்றிப் பேசவில்லை.

ஆர்லோவுக்கு டெல்பர்ட்டே தொலைபேசியில் கூப்பிட்டு, வக்கீல் பதில் எழுதமாட்டார் என்று சொன்னார். இனி மாதத்துக்கு மாதம் வெயில் குடித்ததை அந்தந்த மாதமே ஓடைக்கு விடுவதாகவும் சொன்னார். ஆர்லோ நம்பாமல், பேசுவது டெல்பர்ட்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வெங்காயம் முழுவதும் பிழைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மேட்டில் இருந்த பாத்திகள் கோலிக்குண்டாகவே நின்றுவிட்டன. தாழ்வில் இருந்தவை, நல்லவேளையாக, கடைசி நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பருத்தன. எலோய்சாவுக்கு அது போதுமானதாக இருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நகரத்துக்காரன் மறுபடி வந்தபோது, அவனுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து அனுப்பினார். அவன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அந்த ஆகஸ்ட் கடைசியில்தான் மீன்பிடித் திருவிழா. சர்ச்சுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக, தூண்டிலும் மடக்கு நாற்காலியுமாக வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். துறை தரையில் நின்றது. படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. தண்ணீர் இருந்தது, மீனும் இருந்தது, ஆனால் அதை எட்டுவதற்கு முழங்கால் புதைகிற சேற்றைத் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலணியோடு வந்த ஒரு பெரிய மனிதர் முதல் அடியிலேயே ஒரு காலணியை ஏரிக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்.

"என்ன டெல்பர்ட் இது? போன வருஷம் எவ்வளவு அழகா இருந்துச்சு! உன் ஏரிக்கு என்ன ஆச்சு?" என்று அவர் ஒற்றைக் காலணியோடு கத்தினார்.

எல்லோரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் எலோய்சாவும் நின்றிருந்தார். டெல்பர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஊரில் யாரும் அவர் தொண்டையைக் கனைத்துப் பார்த்ததில்லை. நேராகப் பேச்சுக்குள் குதிப்பதுதான் அவர் வழக்கம்.

"போன வருஷம் நீங்க பாத்த அழகு என்னோடது இல்ல," என்றார். "அது எலோய்சா வயலோட தண்ணி. அத வெச்சு நான் பவுடர் பூசிட்டு இருந்தேன். இதுதான் இந்தக் குழியோட நெஜ முகம். வெயில் எவ்வளவு குடிக்குதோ அவ்வளவும் இப்ப வெளிய தெரியுது. தெரியட்டும்."

தூண்டில் பிடித்த கைகள் எல்லாம் தாழ்ந்திருந்தன.

"மண்ணத் தோண்டினா அடியில தண்ணி தெரியும். தெரியறதால அது நம்மளோடது ஆயிடாது. அது கீழ இருக்கறவங்களப் பாத்துப் போயிட்டிருந்த தண்ணி, நடுவுல நாம கூரையப் பிரிச்சோம். அதனால போனத நாமதான் ஈடு கட்டணும். எடுத்தது வெயில்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஈடு கட்டறதும், அவங்க வாய் காயற நேரத்துல, அவங்க வாசலுக்கு வந்து சேர்ற மாதிரி கட்டணும்." அவர் ஒரு கணம் நிறுத்தி, சேற்றில் ஒருக்களித்துக் கிடந்த படகுகளைப் பார்த்தார். "வெள்ளம் வர்றப்ப ஆத்துல ஊத்திட்டு, குடுத்துட்டேன்னு சொல்றதுக்குப் பேரு ஈடு இல்லங்க. ஏமாத்து."